வெந்த சேறும் இரண்டு வீம்புக்காரிகளும்

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. அண்ணன்தான் எழுதச் சொன்னார். "போன்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறீங்க. எழுதுங்க. எழுதறப்பவாவது ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயை மூடிக்கிட்டு இருந்துதான் ஆகணும்" என்றார். அவர் முகத்துக்காக எழுதுகிறேன்.

டிசம்பரில் உங்கள் புது வீட்டு விருந்தில் நான் சொன்னதில் தவறு இருப்பதாக இன்னமும் நினைக்கவில்லை. "அண்ணி வெந்நீர் வைக்கிறாங்க, நான் சமைக்கிறேன்" என்றேன். உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததற்கு நான் பொறுப்பல்ல. நீங்களும் சும்மா இருக்கவில்லை. கரண்டியும் கையுமாக நின்றுகொண்டு, "உன் குக்கர்லேர்ந்து புகைதான் வரும், கேஸ் வராது" என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தீர்கள். மாமா, சித்தி யார் சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டேன். என் தொழிலையே செய்கிற நீங்கள் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

உங்கள் ஊரில் நீங்களும் என் ஊரில் நானும் செய்வது ஒரே வேலை. ஊர் முழுக்கக் குளித்து, கழுவி, கழித்து அனுப்பும் தண்ணீரைச் சுத்தம் செய்கிறோம். அடியில் தங்கும் சேற்றைக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்து, அதைத் தின்னும் நுண்ணுயிர்களை வைத்து எரிவாயு எடுக்கிறோம். அந்தச் சேறு லேசில் செரிக்காது என்பதிலும், தொட்டிக்குள் போவதற்கு முன் அதைப் பக்குவப்படுத்த வேண்டும் என்பதிலும் நமக்குள் சண்டையே கிடையாது. நீங்கள் ஒரு நாள் முழுக்க மிதமான சூட்டில் ஊறப்போடுகிறீர்கள். நான் நீராவியை ஏற்றி, அழுத்தத்தில் அரை மணி நேரம் வேகவைத்து, சட்டென்று வால்வைத் திறந்துவிடுகிறேன். சேற்றில் இருக்கும் கெட்டித் தோல்கள் எல்லாம் வெடித்துக் கூழாகிவிடும். எங்கள் ஆட்கள் அந்த இரும்புக் கலத்துக்கு வைத்திருக்கும் பெயரே குக்கர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புகை வரவில்லை அண்ணி, கேஸ்தான் வந்தது. பழையதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வந்தது. மின்சாரம் எடுக்கும் எஞ்சின் இன்னும் பூட்டி முடியாததால், வருகிற கேஸை உயரக் கம்பத்தில் எரித்துவிடுகிறோம். சாயங்காலமானால் அந்தத் தீ மதிலைத் தாண்டித் தெரிகிறது. எதிர்க் குடியிருப்பின் சங்கத் தலைவி, நாற்றம் என்று எங்களுக்கு எதிராக ஊர்ப்பட்ட மனுக்கள் போட்டவர், நேற்று வாசலுக்கே வந்துவிட்டார். "அந்த நெருப்பு உங்களோடதா?" என்று கேட்டார். "எங்களோடதுதான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியிருக்கும்.

ஜூனில் நகராட்சிக் குழு கூடுகிறது. குக்கர் இருக்கட்டும் என்பார்கள், அல்லது கழற்றி எடைக்குப் போடு என்பார்கள். கழற்றினால் சேறு பழையபடி திறந்த லாரியில் அந்தக் குடியிருப்புத் தெரு வழியாகப் போகும். என் ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் போய் விழுவார்கள். அப்படி நடக்காது. தீயைப் பார்க்க ஆசையிருந்தால் அண்ணனை அனுப்பி வையுங்கள். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 17

அன்புள்ள கட்டெறும்புக்கு,

'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்து 'அவர்களுக்கு' என்று வேறு முடித்திருந்தாய். முதல் வரியைப் பார்த்ததுமே உன் அண்ணன், "கோபம் உச்சத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அவர் செய்து வைத்த பல் செட்டுகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டுதான் கிடக்கும், ஆனால் ஒன்றும் பேசாது. மனுஷருக்கு அதுதான் நிம்மதி.

கேஸ் கூடியது என்று கேட்டு மகிழ்ச்சி. இல்லை, பொய் சொல்வானேன், எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் நான் விருந்தில் சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன். அவ்வளவு சூட்டில் வேகவைத்தால் சேற்றில் ஒரு பங்கு கருகும். கருகினதை எந்த நுண்ணுயிரும் வாயில் வைக்காது. உனக்கு இப்போது வருவது புது மருமகள் காட்டுகிற சுறுசுறுப்பு. இரண்டு மாதம் போகட்டும், கேஸ் இறங்கி என் அளவுக்கும் கீழே போகும். அப்போது எனக்கு எழுது.

என் வெந்நீரைக் கேலி செய்தாய். நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து என் தொட்டி ஒரு முறைகூடப் படுத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று லேபில் ஒரு நாற்காலியைக் காட்டி, "இங்க உக்காந்துக்குங்கம்மா, கீழ எல்லாம் அழுக்கு" என்றார்கள். நாற்காலி வேண்டாம், பூட்ஸ் கொடுங்கள் என்றேன். என் காலுக்கு ஏற்ற பூட்ஸ் அந்த நிலையத்திலேயே இல்லை. இப்போது எனக்குக் கீழே வேலை செய்கிற பெண்களுக்கென்று ஒரு அலமாரி நிறைய பூட்ஸ் இருக்கிறது. ஆகவே என்னிடம் உயரம் கூடிய கதையெல்லாம் சொல்லாதே.

சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன். அழுத்தம் எவ்வளவு வைக்கிறாய்? சேறு எந்தக் கெட்டியில் உள்ளே போகிறது? வெந்ததைத் தொட்டிக்கு அனுப்பும் முன் எதில் ஆறவைக்கிறாய், தண்ணீர் கலக்கிறாயா? அடியில் பிடிக்காமல் இருக்க என்ன செய்கிறாய்? இதையெல்லாம் கேட்பதற்கு வேறு எந்தக் காரணமும் கிடையாது. பதில் எழுதும்போது கொஞ்சம் விவரமாகவே எழுது.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 3

அண்ணிக்கு,

இந்த முறை 'மதிப்பிற்குரிய' போடவில்லை. அண்ணன் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

சும்மா தெரிந்துகொள்ளவா கேட்கிறீர்கள்? குறை கண்டுபிடிக்கக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகக் கண்டுபிடியுங்கள். கேட்டது அத்தனைக்கும் பின் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. அடியில் பிடிக்காமல் இருக்க நீராவியைக் கீழிருந்து சேற்றுக்குள்ளேயே விட வேண்டும். வெளியிலிருந்து சுட வைத்தால் நிச்சயம் கருகும். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. ஆகவே உங்கள் கருகல் பேச்சு என் குக்கருக்குப் பொருந்தாது.

இங்கே நடப்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். குடியிருப்பில் இருந்து சாயங்கால நடைக்கு வருகிறவர்கள் மதிலோரம் நின்று தீயைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் தன் பேத்தியைத் தோளில் தூக்கிக் காட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த தெரு அது! எங்கள் பாய்லர்காரர் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்த ஆரம்பித்துவிட்டார். "நாலு பேர் பாக்கற இடமா ஆயிடுச்சில்ல?" என்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். இந்த மாதம் இருபதாம் தேதி வாக்கில் குடியிருப்பு ஆட்களையும் குழுவில் இரண்டு பேரையும் உள்ளே வந்து பார்க்க அழைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்குத் தீ கண்ணை நிறைக்க வேண்டாமா? தொட்டிக்குப் போகும் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வருகிறேன். போடப் போடத் தின்கிறது. நேற்றுத் தீ கம்பத்தின் பாதி உயரத்துக்கு எழும்பியது. வெந்ததைத் தின்று பழகிய வயிறு, அதற்கு எல்லையே இல்லை போலிருக்கிறது.

உங்கள் நுண்ணுயிர்களை விசாரித்ததாகச் சொல்லுங்கள். பாவம், பத்தியச் சாப்பாட்டில் இருக்கின்றன.

நாத்தனார்


மார்ச் 27

அன்புள்ள கட்டெறும்புக்கு,

உன் விருந்தாளிகள் வந்து போயிருப்பார்கள். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜெயித்திருந்தால் தந்தி மாதிரி வந்திருக்குமே உன் கடிதம்.

உன் அண்ணன் நேற்று உன்னோடு போனில் பேசிவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்காளாம்" என்றார். அந்த 'ஆம்' எனக்குப் பிடிக்கவில்லை. "என்னங்க ஆச்சு அவளுக்கு?" என்று கேட்டேன். "அவளா சொல்லட்டும்" என்று பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டார். தலைகீழாக விரித்திருந்தார்.

கேலி செய்வதற்காகக் கேட்கவில்லை. கேலி செய்ய எனக்கு வருஷம் முழுக்க நேரம் இருக்கிறது. என்னவென்று எழுது.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

இதற்கு முன் எழுதியவற்றைக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் வானிலையைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தேன்.

தொட்டி புளித்துவிட்டது.

விருந்தாளிகள் வந்த அன்றே நடந்தது. அதற்கு முந்தைய சில நாட்களாகவே புளிப்பு ஏறிக்கொண்டு வந்தது. அளவீடுகளை நானேதான் பார்த்தேன். நான் போடும் தீனியில் ஒரு கூட்டம் புளிப்பைக் கிளப்பிக்கொண்டே போகிறது, அந்தப் புளிப்பைத் தின்று கேஸாக்கும் இன்னொரு கூட்டத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. இது முதல் வருஷப் பாடம். அளவீட்டையும் பார்த்தேன், தீயையும் பார்த்தேன், தீயைத்தான் நம்பினேன். அது நன்றாக எரிகிற வரை எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அன்று எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தீ வெளிறியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அணைந்தது. பாய்லர்காரர் ஓடிப்போய்ப் பற்றவைத்தார், திரும்பவும் அணைந்தது. கேஸ் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதில் எரிகிற சத்து இல்லை. அதற்குள் தொட்டியின் மேல் மூடியிலிருந்து நுரை பொங்கி, பக்கவாட்டில் வழிந்து, சங்கத் தலைவி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் சொத்தென்று விழுந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். குழுவிலிருந்து வந்தவர்களில் ஒருவர், "சரி, ஜூன்ல முடிவு பண்ணிடலாம்" என்றார். எந்த முடிவு என்று அவர் குரலிலேயே தெரிந்தது. பாய்லர்காரரின் இஸ்திரி போட்ட சட்டை முழுக்க நுரை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தீனியை நிறுத்தினேன். சுண்ணாம்பு போட்டேன். பக்கத்துத் தொட்டியிலிருந்து உயிருள்ள சேற்றை எடுத்து ஊற்றினேன். இரண்டு நாள் குமிழி விட்டது, பிறகு அதுவும் சுருண்டுவிட்டது. அந்தத் தொட்டி பச்சைச் சேறு தின்று வளர்ந்தது. வெந்த சேற்றிலிருந்து கிளம்பும் அமோனியாவை அதனால் தாங்க முடியவில்லை. தானாகத் தேறட்டும் என்று விட்டால் ஜூன் தாண்டிவிடும்.

உங்கள் தொட்டிச் சேறு கெட்டி. அமோனியாவும் கூடுதல். அதில் வாழ்ந்த உயிர்கள் இங்கேயும் தாக்குப்பிடிக்கலாம். கேட்கக் கூசுகிறது அண்ணி. பாலுக்கு உறை இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்டுகிறோம், அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். ஒரு டேங்கர் தருவீர்களா?

'நான் அப்பவே சொன்னேன்' என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன். டேங்கரோடு அனுப்புங்கள், போதும்.

கட்டெறும்பு


ஏப்ரல் 5

கட்டெறும்பே,

'நான் அப்பவே சொன்னேன்' என்று எழுத எனக்கு ஆசைதான். எழுத முடியாது. நான் சொன்னது வேறு. கேஸே வராது, சேறு கருகும் என்றேன். உனக்குக் கேஸ் வந்தது, கருகவும் இல்லை. நீ தடுக்கி விழுந்த இடம் நான் காட்டிய இடமே இல்லை.

என் பெரிய தொட்டிகளின் சேறு உனக்கு உதவாது. அவையும் பச்சைச் சேறு தின்றவைதான், உன் பக்கத்துத் தொட்டிக்கு நேர்ந்த கதிதான் இவற்றுக்கும் நேரும். ஆனால் என்னிடம் இன்னொரு தொட்டி இருக்கிறது. அதைப் பற்றி உனக்குத் தெரியாது. உன் அண்ணனுக்குத் தெரியும். சொன்னால் சாப்பாடு கிடையாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

விருந்து முடிந்து நீ விறுவிறுவென்று கிளம்பிப் போனாயே, அதற்கு மறுநாளே ஆரம்பித்தேன். எங்கள் நிலையத்தின் பின்பக்கம் சும்மா கிடந்த சின்னத் தொட்டியைச் சுத்தம் செய்தேன். மூடிப்போன சாயப் பட்டறையிலிருந்து வந்து கிடங்கில் கிடந்த அழுத்தக் கொப்பரை ஒன்றைத் தட்டி நிமிர்த்தி, அதில் சேற்றை வேகவைத்து, அந்தத் தொட்டிக்குத் தீனி போட்டேன். உன் குக்கர் தோற்கும் என்பதை அளந்து, எழுதி, உன் கையில் கொடுக்க வேண்டும் என்பதுதான் திட்டம். முதல் சில வேக்காடு கருகிப்போனது. உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். பிறகுதான் சந்தேகம் வந்தது, கொப்பரையில் கோளாறா, முறையில் கோளாறா என்று. அதனால்தான் பிப்ரவரியில் 'சும்மா' கேட்டேன். நீயும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினாய். நீராவியைக் கீழிருந்து விட்டேன். அதற்கப்புறம் அந்தச் சின்னத் தொட்டி, தன் அளவுக்கு, என் பெரிய தொட்டி இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி கேஸ் விட ஆரம்பித்தது.

உன் குக்கர் ஜெயித்துவிட்டது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு தாள் வீணாயிற்று.

ஆக, உன்னைத் தோற்கடிப்பதற்காக நான் வளர்த்த உயிர்கள்தான் இன்று உன் வெந்த சேற்றைத் தின்னத் தெரிந்த உயிர்கள். அமோனியாவும் பழகிவிட்டது. மொத்தத்தையும் இறைத்தால் இரண்டு டேங்கர் தேறும். ஒன்று போதாது, இரண்டையும் அனுப்புகிறேன். அடுத்த மாதம் அந்தத் தொட்டியைத் தலைமைப் பொறியாளரிடம் காட்டி, எங்கள் நிலையத்துக்கும் இப்படி ஒரு முறை வேண்டும் என்று கேட்கலாம் என்றிருந்தேன். இப்போது காட்ட ஒன்றும் இருக்காது. பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ விழுந்தால் என் மனசு குளிரும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். குளிரவில்லை.

வியாழக்கிழமை டேங்கர்கள் வரும். நானும் கூட வருகிறேன். உன்னைப் பார்க்க இல்லை. வழியில் ஆறிவிடாமல், காற்றுப் படாமல் என் பிள்ளைகள் பத்திரமாக இறங்குகின்றனவா என்று பார்க்க.

அண்ணி


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எங்கள் குழாய்க்காரரை அதட்டிய அதட்டலில் அவர் இன்னும் தெளியவில்லை. "உங்க அண்ணியா அவங்க? உங்களைவிட ஒரு படி மேல" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், காலி டேங்கரில் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட்டீர்கள். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள், "தீனி எவ்வளவு போடப் போற?" என்று கேட்டீர்கள், உடனே சண்டை ஆரம்பமாகிவிட்டது.

உங்கள் போன கடிதத்தை முதல் முறை படித்தபோது கோபம்தான் வந்தது. என்னைத் தோற்கடிக்க ஒரு தொட்டியா? அதுவும் நான் எழுதிக் கொடுத்த முறையிலேயா? காகிதத்தைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து நீவிப் படித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என்னை இவ்வளவு மெனக்கெட்டு வெறுக்க இந்த உலகத்தில் உங்களைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

தொட்டி பிழைத்துவிட்டது. பாதிச் சேற்றை வெளியே எடுத்துவிட்டு உங்கள் சேற்றை ஊற்றினோம் அல்லவா, முதலில் மேலே சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. பிறகு புளிப்பு இறங்க ஆரம்பித்தது. கம்பத்தில் தீ பிடிக்கிறது, விரல் உயரத்துக்கு. ஆட்கள் கைதட்டினார்கள். பாய்லர்காரர் உடனே, "கொஞ்சம் கூடப் போடலாமேம்மா. பச்சைக் குழந்தைக்குக்கூட இதைவிட அதிகமா ஊட்டுவாங்க" என்றார். முடியாது என்றேன். நீங்கள் சொன்ன அளவையும் நான் போடவில்லை, அதிலும் பாதிதான் போடுகிறேன். மன்னிக்கவும், உங்கள் பேச்சையும் கேட்கவில்லை. காலையில் புளிப்பை அளந்த பிறகுதான் அன்றைய தீனி. தீ எப்படி எரிகிறது என்று நான் இப்போது அண்ணாந்து பார்ப்பதே இல்லை.

முன்பு ஏற்றிக்கொண்டே போனபோது இருந்த பெருமை ஒரு மாதிரி. இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேனே, அதில் இன்னொரு மாதிரி பெருமை இருக்கிறது. சத்தம் இல்லாதது. ஆனால் பெருமைதான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

எஞ்சின் பூட்டும் வேலை அடுத்த மாதம் முடிகிறது. ஜூன் கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

உங்கள் சின்னத் தொட்டி காலியாகக் கிடப்பதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

கட்டெறும்பு


ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

குக்கர் தப்பித்தது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நிதானமாக எழுதுகிறேன்.

குழு முழுவதும் நிலையத்துக்கே வந்தது. சங்கத் தலைவியையும் அழைத்திருந்தார்கள். இந்த முறை நுரை விழ வாய்ப்பில்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை. போன தடவை வந்தவர், "என்னம்மா, இன்னிக்கும் நெருப்பைக் காணோம்?" என்றார்.

"எரிச்சு வீணாக்க மிச்சம் இல்ல சார். எல்லாம் எஞ்சினுக்குப் போகுது" என்றேன். சொல்லிவிட்டு அவர்களை எஞ்சின் அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. வெளியே வந்து, "இப்ப ஓடற பம்ப் எல்லாம், நீங்க நிக்கற இடத்துல எரியற விளக்கு எல்லாம், அந்தத் தொட்டியிலேர்ந்து வர்றதுதான்" என்றேன். அவர் விளக்கைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். சங்கத் தலைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப அந்த லாரி எங்க தெருவுல வராதில்ல?" கேஸ் எடுத்த பிறகு மிஞ்சும் சேறு பாதியாகிவிட்டது, அதுவும் நன்றாக வடிந்து காய்ந்து, மூடிய வண்டியில் பின் வாசல் வழியாகப் போகிறது என்றேன். "அது போதும்மா" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே பெரியது அதுதான்.

மார்ச்சில் என்ன நடந்தது என்றும் கேட்டார்கள். பழியை எவர் தலையிலும் போடவில்லை. பார்க்க வந்தவர்களுக்காகத் தீனியை ஏற்றினேன், அதனால் புளித்தது, தவறு என்னுடையது என்றேன். எப்படிச் சரியானது என்று கேட்டார்கள். சரியாக்கியது நான் என்று சொல்லியிருக்கலாம், அங்கே மறுக்க ஆளில்லை. "இதுக்குள்ள இருக்கற உயிர் எங்க அண்ணியோட தொட்டியிலேர்ந்து வந்தது. தன் ஆராய்ச்சியைக் காலி பண்ணிட்டுக் கொடுத்தாங்க" என்றேன். உங்கள் நிலையத்தின் பெயரையும் உங்கள் பதவியையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன், எழுதிக்கொள்கிறவர் தவறாக எழுதிவிடக்கூடாது என்று. எழுதியதை எட்டியும் பார்த்தேன்.

உங்களைப் பற்றி வெளியாட்களிடம் இவ்வளவு பெருமையாகப் பேசுவேன் என்று நானே நினைத்ததில்லை. பழகிவிடும் போலிருக்கிறது, ஜாக்கிரதை.

கட்டெறும்பு


ஜூன் 21

அன்புள்ள கட்டெறும்புக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறாராம். வாயில் அச்சுப் பசையோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் பாவம், எழுந்து ஓடவும் முடியாது.

எனக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. உன் குழுவில் எழுதிக்கொண்டவர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். அது எங்கள் தலைமைப் பொறியாளர் மேஜைக்கு வந்து சேர்ந்தது. கூப்பிட்டார். பின்பக்கத்துத் தொட்டியில் என்ன வைத்திருந்தீர்கள், அது ஏன் இப்போது காலியாக இருக்கிறது என்று கேட்டார். சரி, இன்றைக்கு ஒரு பாட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மறைக்காமல் முழுக்கச் சொன்னேன். கொப்பரையில் தொடங்கி டேங்கர் வரைக்கும். விருந்தில் நடந்ததை மட்டும் கொஞ்சம் சுருக்கினேன்.

மனுஷர் திட்டவில்லை. உன் நிலையத்துக்குப் போன் போட்டு உன் அளவீடுகளை எல்லாம் வாங்கிப் பார்த்திருக்கிறார். என் சின்னத் தொட்டியின் அளவீடுகளும் அதோடு ஒத்துப்போகின்றன. காட்டுவதற்குத் தொட்டி காலியாக இருக்கிறதே என்று இரண்டு மாதமாக எனக்கு இருந்த வருத்தம் அந்த அறையில் தீர்ந்தது. உன் தொட்டி இங்கே பேசியது. நேற்று முடிவாகிவிட்டது, எங்கள் நிலையத்துக்கும் குக்கர் வருகிறது. என் வெந்நீர்த் தொட்டிகள் இரண்டுக்கும் இனி சமைத்த சாப்பாடு. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்துக்கொள்.

அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, என் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து ஒருவர் ஆறு மாதம் வந்து இருக்க வேண்டும். யாரை அழைக்கலாம் என்று என்னையே கேட்டார். பெரிய பெயர்கள் எழுதிய காகிதம் ஒன்று அவர் கையில் இருந்தது. நான் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. உன் பெயரைச் சொன்னேன்.

உன் நிலையத்துக்கும் கேட்டு எழுதியாகிவிட்டது. தங்குவதற்கு எங்கள் வீட்டில் மாடி அறை இருக்கிறது. சண்டை போடச் சமையலறை இருக்கிறது. உன் அண்ணன் இப்போதே பட்டறையில் கட்டில் போட இடம் பார்க்கிறார்.

ஒன்றை மட்டும் நீ என்னிடமிருந்தே கேட்டுக்கொள், அலுவலகத்தில் யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம். உன் பெயரைச் சொன்னதும் அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னம்மா, நீங்க போய் சொந்தக்காரங்களுக்குச் சிபாரிசு பண்றீங்களே?" என்றார்.

"சொந்தக்காரின்னு சொல்லல சார். இவளைத் தோக்கடிக்கறதுக்குன்னே ஒரு தொட்டி கட்டி வளர்த்துப் பார்த்தேன், முடியல. அதனாலதான் சொல்றேன்" என்றேன்.

அண்ணி